யாருக்கும் வேண்டாத கெளுத்தி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. விதிகளை நான் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்குக் கொடுத்த பையிலேயே இருக்கின்றன; தூக்கிப் பார்த்திருப்பீர்கள், நல்ல கனம். எல்லா விதியும் தெரிந்த ஒரு மீன்வள ஆய்வாளர், பட்டப்பகலில், ஊரே பார்த்திருக்க, காலடியில் கிடந்த மீனைப் பார்க்காமல் விட்ட கதையைச் சொல்கிறேன். அந்த ஆய்வாளர் நான்தான்.

மீன்வளத் துறை என்றதும் என் சொந்தக்காரர்களுக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். கல்யாண வீட்டில் பார்த்தால் வஞ்சிரம் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்பார்கள். என் கடைசிப் பத்து வருடமும் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில்தான் போனது. அங்கே அநேகமாக எல்லா ஏரிக்கும் ஒரு கரையில் பழைய ஊர் இருக்கும், எதிர்க்கரையில் புதுக் காலனி இருக்கும். பழைய ஊருக்கு ஏரி என்றால் பிழைப்பு. காலனிக்கு அது பால்கனியிலிருந்து தெரியும் காட்சி. இரண்டு கரைக்கும் நடுவில் ஸ்கூட்டரில் நான்.

இதற்கிடையில் புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியது. கயாக் என்று ஒரு பிளாஸ்டிக் படகு. ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். அதைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். எல்லோரும் நல்லவர்கள், படித்தவர்கள். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்கு ஓயாமல் போன் வரும். “மேடம், கோவளம் பக்கம் போகலாமா? மோட்டார் இல்ல, வெறும் துடுப்புதான்.” தடை விசைப்படகுகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை, ஆனாலும் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அந்தக் கரையில் இருக்கும் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். முதல் பாதியைக் கேட்டதுமே நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

கடலைப் பற்றி இவ்வளவு கேட்டவர்கள் ஏரியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஏரியில் அலை இல்லை, அதனால் சட்டமும் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆனால் ஏரி மீனுக்குச் சொந்தக்காரர் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கம் குத்தகைக்கு எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, வளர்த்து, வலை போட்டு எடுக்கும். அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு தூண்டில் முள்கூட உள்ளே போகக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்க்கட்டளையில் என் வீட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பீர்க்கன்கரணையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஓர் ஏரியின் சங்கத் தலைவர் ஏழுமலை போன் செய்தார்.

“மேடம், திருடன புட்ச்சிட்டோம். கையும் மீனுமா. நீ வர்ற வரிக்கும் வுட மாட்டோம்.”

ஏழுமலைக்கு என்மேல் மரியாதை அதிகமாகும்போதெல்லாம் ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகிவிடும்.

“ஆள அடிச்சீங்களா?”

“சேச்சே, டீ வாங்கிக் குட்த்துக்கீறோம். மரியாதையான ஆளு. வாத்தியாரு.”

நான் போனபோது கரையில் பெரிய கூட்டம். ரோந்து வந்த காவலர் ஒருவர் எட்டிப் பார்த்து, மீன் விவகாரம் என்றதும் நிம்மதியாகப் போய்விட்டாராம். மஞ்சள் நிறக் கயாக் கரையில் கிடந்தது. யாரும் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று சங்கத்துப் பெண்கள் இருவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், பள்ளிக்கூட இறைவணக்கத்தில் நிற்பவர்போல நேராக, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு பத்மநாபன் நின்றார். எதிர்க்கரைக் காலனிக்காரர், மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நீல டிரம்மைப் பாதியாக வெட்டிச் செய்த தொட்டி ஒன்று நடுவில் இருந்தது. அதன் கலங்கல் தண்ணீரில் குற்றப்பொருள் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் முதுகும் நிறைய மீசையும் தெரிந்தன.

ஏழுமலை ஆரம்பித்தார். “ஏரி குத்தக எங்க சங்கத்துது. நாப்பது குடும்பம் இத்த நம்பி கீது. குஞ்சு வாங்கி வுட்டது நாங்க. ரெண்டு தபா வலை இஸ்த்தோம், ஒண்ணியும் காணோம். எங்கடா போச்சின்னு பாத்தா, இந்த சாரு வாரா வாரம் வந்து தூண்டி போட்டுகினு கீறாரு.”

பத்மநாபனுக்கு முகம் சிவந்துவிட்டது. “மேடம், நாங்க சுத்த சைவம். எங்க வீட்டுல முட்டைகூட வாங்க மாட்டோம். மீனைத் திருடி நான் என்ன பண்ணப்போறேன்?”

“துன்ற பயக்கமே இல்லன்னா எதுக்கு சார் புடிக்கிறீங்க?”

“ஒரு சந்தோஷம்.”

கயாக்மேல் உட்கார்ந்திருந்த பெண் இன்னொருத்தியிடம், “இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள். “சந்தோஷமாம்” என்றாள் மற்றவள், ஒருவருக்கு இருக்கும் வியாதியைச் சொல்லும் குரலில்.

பத்மநாபன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “பிடிச்சு, போட்டோ எடுத்துட்டுத் திருப்பி விட்டுடுவேன் மேடம். இது மழைக்கு முன்னாடி. இது பொங்கலுக்கு அப்புறம். ரெண்டும் ஒரே மீன்தான், முதுகுத் துடுப்புல கிழிசல் இருக்கு பாருங்க. இன்னிக்கும் அதுவேதான். பயில்வான்னு பேர் வெச்சிருக்கேன்.”

“சார், திருப்பி விட்டாலும் பிடிச்சது பிடிச்சதுதான். ஒரு தப்பை நீங்களே இப்ப மூணா ஆக்கிட்டீங்க.”

“அப்படி இல்ல மேடம். எடுத்தது மூணு. விட்டது ரெண்டு. மீதி ஒண்ணு தொட்டியில இருக்கு. நெட் லாஸ் ஜீரோ.”

எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது குடும்பத்துக்கு இரண்டு முறை வலை காலி என்பது சிரிக்கிற விஷயம் இல்லை. இளவட்டங்கள் சிலர் எதிர்க்கரைக் காலனியைக் காட்டி ஏதோ பேச ஆரம்பித்தார்கள். இன்னும் அரை மணி போனால் இது மீன் தகராறாக இருக்காது, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமான தகராறாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. வேகமாக முடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த அவசரம்தான் என்னைக் கவிழ்த்தது.

மடியில் பலகையை வைத்து, சம்பவ இடத்திலேயே எழுதும் பதிவான மகஜரை எழுத உட்கார்ந்தேன். ‘கெளுத்தி ஒன்று, உயிருடன்’ என்று எழுதினேன். அது யாருடைய மீன் என்று இருவரிடமும் வாக்குமூலம் வாங்கினேன். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ‘இது எங்கள் சங்கம் ஏரியில் விட்டு வளர்த்த மீன்’ என்று ஏழுமலை கையெழுத்துப் போட்டார். ‘இது நான் ஏற்கெனவே இருமுறை பிடித்து, இருமுறையும் பத்திரமாக ஏரியில் விட்ட மீன்’ என்று பத்மநாபன் போட்டார். அவர் தேதியும் கிழமையும் சேர்த்துப் போட்டார்.

பிறகு என் தீர்ப்பு. வாத்தியாருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இனிமேல் சங்கத்தின் அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. மீனை இரு தரப்பும் பார்க்க ஏரியிலேயே விட்டுவிடுவது. அதையும் எழுதினேன்: ‘மேற்படி மீன் மீண்டும் ஏரியில் விடப்படும்.’ இரு தரப்புக்கும் திருப்தி. ஒருவர் எனக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, “தொட்டியைத் தூக்குங்க” என்றேன்.

இரண்டு பேர் தூக்கினார்கள். பயில்வான் ஒரு துள்ளு துள்ளி வெளியே விழுந்தது. விழுந்ததும் மற்ற மீன்களைப்போலத் துடிக்கவில்லை. பக்கத் துடுப்புகளை ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, கரைமேல் நிதானமாகக் கிளம்பிவிட்டது. கூட்டம் விலகி வழிவிட்டது. அது நேராக கயாக் பக்கம் போய், தரையில் கிடந்த படகுத் துடுப்பின் பக்கத்தில் நின்றது.

அப்போதுதான் அந்த மீனை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். முழு வெயிலில், முழு நீளத்தில். அந்தப் படகுத் துடுப்பின் நீளத்தில் பாதிக்குமேல் இருந்தது. தலை மண்வெட்டிபோலத் தட்டை. உடம்பெல்லாம் பளிங்குத் தரைபோலத் திட்டுத்திட்டாக நிறம். நம் நாட்டுக் கெளுத்தி இந்த அளவுக்கு வளராது, இப்படி இருக்கவும் இருக்காது. இருபது வருடமாக ஊர் ஊராகப் போய், படம் காட்டி, இந்த மீனை வளர்க்காதீர்கள் என்று நானே கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன். ஒரு மணி நேரமாக இரண்டு மனிதர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், மீசையைப் பார்த்துவிட்டு ‘கெளுத்தி’ என்று எழுதிவிட்டேன்.

பக்கத்தில் மண்டியிட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுந்தேன்.

“இது ஆப்பிரிக்கக் கெளுத்தி” என்றேன். “தடை செஞ்ச மீன். வளர்க்கக் கூடாது. பிடிச்சா திரும்பத் தண்ணியில விடவும் கூடாது.”

பிறகு ஏழுமலை தொண்டையைச் செருமினார்.

“மேடம், இது எங்க மீனு மாதிரி தெர்ல. வெள்ளத்துல வந்துருக்கும்.”

பத்மநாபன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். “கிழிசலை வெச்சு அதே மீன்னு உறுதியா சொல்ல முடியாது மேடம். சாம்பிள் சைஸ் ரொம்பக் கம்மி.”

ஐந்து நிமிடம் முன்புவரை இரண்டு சொந்தக்காரர்கள் இருந்த மீன் இப்போது அனாதை. அது மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“அந்தப் பேப்பர குட்த்துடு மேடம்” என்றார் ஏழுமலை மெதுவாக. “கிய்ச்சிடலாம். ஞாயித்துக்கெயம. யாருக்குத் தெரியப்போவுது.”

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், கிழிக்கலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அவர்கள் இருவரையும்விட அந்தத் தாளில் அதிகம் மாட்டிக்கொண்டது நான். தடை செய்த மீனை ஏரியில் விடச் சொல்லி என் கையால் எழுதி, என் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. கிழித்தால் மூன்று பேருக்கும் நிம்மதி.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஏழுமலையிடம் கேட்டேன். “இது என்ன சாப்பிடும் தெரியுமா?”

“இன்னா துன்னும்?”

“எல்லாத்தையும். முக்கியமா, நீங்க விட்ட குஞ்சுங்களை.”

அவர் மீனைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். கயாக்மேல் இருந்த பெண்கள் எழுந்துகொண்டார்கள். அவர் அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு முறை காலியாக வந்த வலைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து வாத்தியார்மேல் சொன்ன திருட்டை உண்மையில் செய்த ஆசாமி காலடியில் கிடக்கிறான்.

“போன வருசம் வெயில் காலத்துல ஒருத்தன் வந்தான் மேடம்” என்றார். “மினி வேன்ல. இது எந்தத் தண்ணிலயும் நிக்கும், சீக்கிரம் வளரும்னான். மத்த குஞ்சோட சேத்து ரெண்டு கவர் வுட்டோம். இன்னா மீனுன்னு பேர் கேக்கல.”

எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். அவர் பேர் கேட்கவில்லை. நான் மீனின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாளைக் கிழித்தால் மீன் ஏரியில் இருந்து போய்விடாது. பயில்வானின் சொந்தபந்தம் உள்ளேதான் இருக்கும். ‘மீண்டும் ஏரியில் விடப்படும்’ என்ற வரியின்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், அடியில் இருப்பதைப் படிக்க முடியும்படி. பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். கீழே எழுதினேன்: ‘முதலில் மீனைச் சரியாகப் பார்க்காமல் நாட்டுக் கெளுத்தி என்று கருதி எழுதியது என் தவறு. இது தடை செய்யப்பட்ட இனம்.’ வேன்காரன் விஷயத்தை ஏழுமலை சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்து, ஊர் முன்னால் உரக்கப் படித்தேன். என் தவறு வந்த இடத்தைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “கேக்கலியே” என்று பின்னால் இருந்து ஒருவர் சொன்னார். இன்னொரு முறை படித்தேன்.

குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்றதும் ஒரு அம்மா முன்னால் வந்தார். “இன்னா மேடம், நல்லா கொயுகொயுன்னு கீது, இத்தப் போயி மண்ணுல போட்றியே. கொயம்பு வெச்சா பத்து பேரு துன்னலாம்.” விதியைச் சொன்னேன். விதி எழுதினவன் குழம்பு சாப்பிட்டதே இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்மநாபன் என்னிடம் வந்து, தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளலாமா, சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். குழி மூடும்வரை எதிர்க்கரையைப் பார்த்தபடி துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அறிக்கையை எடுத்துக்கொண்டு என் மேலதிகாரியிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். முழுவதும் படித்தார்.

“‘உயிருடன்’ங்கற வார்த்தைக்கு ஏன் அடிக்கோடு?”

“நடந்து போச்சு சார்.”

அவர் கேலி செய்யவில்லை. நான் அடித்துவிட்டிருந்த வரிமேல் விரலை வைத்தார். “இதைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதியிருந்தா, கீழ இருக்கறது எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன். சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுப்போம். குத்தகையை ரத்து பண்ண வேணாம். அந்த மீனை எல்லாம் அவங்களே வெளிய எடுக்கட்டும், அவகாசம் கொடுப்போம்.” எனக்கும் ஒரு மெமோ கொடுத்தார். அது நியாயம்தான், இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் எடுப்பது எப்படி? கரையோரம் ஆகாயத்தாமரை மண்டிக்கிடந்த இடங்களில்தான் அந்த மீன் பதுங்கும். அங்கே வலை போகாது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பத்மநாபன் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தார்.

“மேடம், மனசே சரியில்ல. நான் அதை ரெண்டு தடவை விட்டதால எத்தனை குஞ்சு போயிருக்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.”

“அதெல்லாம் கணக்குப் போடாதீங்க சார்.”

“அதுதானே மேடம் என் வேலை.” தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “எங்க, எவ்வளவு ஆழத்துல, எந்த இரைக்கு மாட்டுதுன்னு எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். கயாக் தாமரைக்குள்ள போகும். சங்கம் அனுமதி கொடுத்தா நான் பிடிச்சுத் தரேன். பிடிக்கிறதோட என் வேலை முடிஞ்சுடணும். அதுக்கு அப்புறம் நடக்கறதை நான் பார்க்க மாட்டேன்.”

ஒரு கொலையை இவ்வளவு நேர்மையாகப் பங்கு பிரித்துக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஏழுமலையிடம் சொன்னேன். வாத்தியாரையா மறுபடியும் ஏரிக்குள் விடுவது என்று முதலில் முறுக்கினார். வாத்தியாரின் நோட்டைக் காட்டியதும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சங்கத்தின் கணக்கில்கூட அத்தனை விவரம் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும், பகலில் மட்டும், மிதவைச் சட்டையோடு மட்டும் என்று நிபந்தனை எழுதி, சங்கத்தின் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பத்மநாபன் தாமரைக்குள் மறைவார். மீனோடு வெளியே வருவார். கரையில் ஏழுமலையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வார். எதற்கும் அவர் பேர் வைக்கவில்லை. மூன்றாவது மாதத்தில், அனுமதிக் கடிதம் இல்லாமல் தூண்டிலோடு வந்த வேறு இரண்டு கயாக்காரர்களை அவரே வழிமறித்து, குத்தகை என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தாராம். அவர்கள் மறுபடி அந்தப் பக்கமே வரவில்லை. எங்கள் அறிவிப்புப் பலகையால் ஆகாத காரியம் அது.

அந்தச் சந்தோஷத்தில் ஏழுமலை ஒரு காரியம் செய்தார். நல்ல கட்லா ஒன்றை எடுத்துக்கொண்டு காலனிக்கே போய், வாத்தியார் வீட்டு அழைப்புமணியை அடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் எனக்குப் போன்.

“மேடம், ஒரு சட்ட சந்தேகம்” என்றார் பத்மநாபன், அடங்கிய குரலில். “அன்பளிப்பா வந்த மீனைத் திருப்பி ஏரியில விடலாமா?”

“உயிரோட இருக்கா சார்?”

“இல்ல. துண்டு போட்டு, மஞ்சள் தடவிக் கொடுத்திருக்கார். வைஃப் பூஜை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திண்டாச்சு.”

நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவோம். ஆனால் குத்தகைதாரர் கொடுத்த மீனை நான் தொடக் கூடாது, இன்னொருவர் கை வழியாக வந்தாலும் கூடாது. அதைச் சொன்னேன். கடைசியில் காலனி வாட்ச்மேன் வீட்டில் அன்றைக்கு விருந்து. மறுவாரம் ஏழுமலை ருசி எப்படி என்று கேட்டபோது, “எல்லாரும் ரொம்பப் பாராட்டினாங்க” என்றாராம் பத்மநாபன். பொய் இல்லை.

அடுத்த பெரிய வலை இழுப்புக்கு என்னையும் வரச் சொன்னார்கள். வலை கனத்து வந்தது. கட்லாவும் ரோகுவும் கரையில் கொட்டின. பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அந்த வெள்ளிக்குவியலின் நடுவில், சாம்பலும் கறுப்புமாக, திட்டுத்திட்டாக இரண்டு உருப்படி நெளிந்தன.

நான் பத்தடி தள்ளி, பதிவுப் புத்தகத்தோடு நின்றிருந்தேன். நோட்டீஸ் இன்னும் நிலுவையில் இருந்தது. யாராவது ஒரு காலால் அவற்றை வலைக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. வலை இழுத்தவர்கள் எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து இரண்டையும் எடுத்து, செவுளில் விரல் கோத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார்.

“ரெண்டு கீது மேடம். எய்திக்கோ.”

“யார் மீன்னு எழுதட்டும்?”

“எங்களுதுதான்” என்றார். “நாங்க வுட்டது.”

எழுதிக் கொடுத்தேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். அவர் அழுத்திப் போட்ட கையெழுத்து அடுத்த பக்கம்வரை பதிந்திருந்தது.